ஜிகினா பிரித்த கதை

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. ரங்கூன் தமிழ் மலர் ஒன்றுக்குத் தொண்ணூறுகளின் எளிமை உடைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். ஜிகினா இல்லை, பூவேலை இல்லை. ஒரே துணி, ஒரே நேர்வெட்டு. வேண்டாததைக் கழித்தால் மிஞ்சுவதே அழகு என்று அளந்துவிட்டேன். உதாரணத்துக்கு ஹுஸ்னாவின் நிக்காஹ் உடையைச் சொல்லி, ‘மணமகளே விரும்பி அணிந்தாள்’ என்று முடித்தேன். அந்தக் கடைசி வரிதான் பொய்.

2
சைதா, ரங்கூனை ஒட்டிய இன்சீனில் இருந்தபடி என் துணிக்கடைக்குத் தைத்துக் கொடுப்பவள். மகள் ஹுஸ்னாவின் கல்யாணத்துக்கு அவளே பட்டெடுத்து, ஆசை ஆசையாக

(வேண்டாம். சுற்றி வளைக்கிறேன்.)

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன் வரும் பெண்கள் இறைவனிடம் துஆ கேட்டு, மணமகள் உடையில் ஆளுக்கொரு ஜிகினா தைப்பார்கள். நானும் ஒன்று தைத்தேன், கோணலாக. பிறகு எட்ட நின்று பார்த்தேன்.

“கண்ணைக் குத்துது சைதா. எல்லாத்தையும் பிரிச்சுடு. பெரிய பெரிய டிசைனருங்க இதைத்தான் செஞ்சாங்க.”

ஹுஸ்னா அம்மாவைப் பார்த்தாள். சைதா தரையைப் பார்த்தாள்.

“ஹொகெ, அக்கா” என்று பர்மியத்தில் ஆமோதித்தாள். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

(வேலை கொடுப்பவளிடம் வேறென்ன சொல்வாள்? முதல் பிரதியில் இந்த அடைப்புக்குறியையும் கழித்திருந்தேன். என்னைக் கழிப்பதில் நான் கெட்டிக்காரி.)

3
நிக்காஹ் அன்று பட்டில் ஊசித் துளைகள் மறையவில்லை. பூச்சி அரித்ததா என்று வந்தவர்கள் கேட்டார்கள். ஹுஸ்னா துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடினாள்.

“நான் தெச்சது எங்கடி?” என்றாள் மைமூன் மாமி.

“இப்ப இதுதான் ஃபேஷன், மாமி” என்றாள் சைதா. நான் டான்பவ் பிரியாணிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கிளம்பும்போது சைதா என் காதருகே சொன்னாள்: “உங்களது மட்டும் தூக்கிப் போடல, அக்கா. சங்கடப்படுவீங்கன்னு கழுத்துக்கு உள்பக்கம் மாத்தித் தெச்சுட்டேன்.”

4
முடிவு ஒன்று: நான் மன்னிப்புக் கேட்கிறேன், சைதா சிரிக்கிறாள். (நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: ஹுஸ்னா அந்த ஜிகினாவைப் பிய்த்து என் முன்னால் எறிகிறாள். (நடந்திருந்தால் நிம்மதி.)

சைதாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் கட்டுரையை அச்சுக்குக் கொடுத்தேன். நேற்று வந்து கேட்டாள்: “நம்ம ஹுஸ்னா பத்தி எழுதியிருக்கீங்களாமே? வெள்ளிக்கிழமை வர்றேன், வாசிச்சுக் காட்டுங்க அக்கா.”

மேசைமேல் கட்டுரையும் இருக்கிறது, இந்தக் கதையும் இருக்கிறது. எதை வாசித்தாலும் அவள் நம்புவாள். வாசகரே, என்னைத் தனியே விடாதீர்கள். வெள்ளிக்கிழமை நீங்களும் வாருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியும். என் கை கட்டுரைப் பக்கம் போனால், நீங்கள்…