மூன்றாவது அணிக்கு மைக் இல்லை

1

ஒரு தேசம் தன் கையாலேயே தன் கழுத்தை அறுத்துக்கொள்ளும்போது வரலாறு கண்ணை மூடிக்கொள்கிறது.

இந்த வாக்கியம் என்னுடையதல்ல. எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம், திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீஸில் இருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு ஜவுளிக்கடையின் தள்ளுபடி விளம்பரம். நடுவில் கொட்டை எழுத்தில் தலைப்பு: 'இலங்கைப் போருக்கு மூலகாரணம் மொழியே! நிலமே!' மாபெரும் பட்டிமன்றம். நடுவர்: பேராசிரியர் கோதண்டராமன். கடைசி வரி: 'போரை நேரில் கண்ட ஈழத்துச் சகோதரரின் கண்ணீர் சாட்சியம்.'

இந்தக் கதை அந்தக் கடைசி வரியில் பிறந்தது. அந்தச் சகோதரரை எனக்குத் தெரியும். பெயர் கருப்பன். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தப்படி எழுபத்து நாலிலேயே கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்டவர். போர் மூண்டது எண்பத்து மூன்றில். அதை அவர் நேரில் கண்டது, நம்மைப் போலவே, டீக்கடைப் பேப்பரில்.

2

'கருப்பனின் சிவந்த கண்களில் ஒரு தீவு எரிந்துகொண்டிருந்தது' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அந்த வாரம் ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ.

'அகதியின் வாழ்க்கை என்பது வேரறுந்த—' இதுவும் வேண்டாம். காகிதப்படி அவர் அகதியே இல்லை, தாயகம் திரும்பியவர். (அவர் பிறக்காத தாயகம்.) ஊருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. போன ஆடி வரைக்கும் 'சிலோன்காரன்' என்றார்கள். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு 'சகோதரர்'. இப்போது கொஞ்ச நாளாக, குரலைத் தாழ்த்தி, 'இயக்கத்து ஆளா இருப்பானோ?'

சாதாரணமாகவே சொல்லிவிடுகிறேன். செங்கம் ரோட்டை ஒட்டி கண்ணாயிரம் வீட்டுப் பின்கட்டில் கருப்பனும் மனைவி பாஞ்சாலையும் குடியிருந்தார்கள். மொய்னுதீன் பாயின் அரிசி மில்லில் கருப்பனுக்கு வாட்ச்மேன் வேலை. கண்ணாயிரம் மொழி அணித் தலைவர். அறுபத்தைந்தில் இந்தி போர்டுக்குத் தார் பூசியவர். மொய்னுதீன் நில அணித் தலைவர். சொந்த அண்ணனோடு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைபவர். இலங்கையில் நடப்பதற்கு என்ன காரணம் என்று இருவரும் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆக, ஒருவர் கையில் கருப்பனின் வீடு. இன்னொருவர் கையில் வேலை.

3

முதலில் கண்ணாயிரம் வந்தார்.

"நீ ஜாஸ்தி ஒண்ணும் பேச வேணாம் கருப்பா. மொழிதான் காரணம்னு ஒரு வார்த்தை. கூடவே அழுதீன்னா நல்லது."

"நான் எழுவத்தி நாலுலயே வந்துட்டனேங்க."

"அதெல்லாம் மேடையில எதுக்கு? போலீஸ்காரரு வந்து விசாரிச்சாரு, பின்கட்டுல யாரோ சிலோன் ஆளாமேன்னு. நம்மாளுதான்னு சொல்லி அனுப்பிட்டேன். மறுபடி வந்தா நான் என்னத்தச் சொல்றது, நீயே சொல்லு."

மறுநாள் மில் வாசலில் மொய்னுதீன்.

"என்னப்பா, கண்ணாயிரம் உன்னை வளைச்சுட்டானாமே? நிலம்னு சொல்லு, போதும். அத்தனை மூட்டையையும் உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். ஊர்ல ஒரு மாதிரியாப் பேசறாங்க. எனக்கு ஒண்ணும் இல்லப்பா. பேசறாங்க, அவ்ளோதான்."

(அடிக்குறிப்பு போட இடமில்லாததால் இங்கேயே: இருவருமே நல்லவர்கள். மிரட்டும்போது இருவருமே டீ வாங்கிக் கொடுத்தார்கள்.)

4

பாஞ்சாலை முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அவங்க சொல்றது ரெண்டும் பொய்யா?"

"பொய்யில்ல. ரெண்டும் நடந்ததுதான். ஆனா எங்கப்பா வேற ஒண்ணு சொல்வாரு. நாப்பத்தெட்டுல நம்ம தோட்டத்துச் சனத்தோட குடியுரிமையப் புடுங்கினாங்கல்ல, அன்னிக்கே எல்லாம் ஆரம்பிச்சிருச்சுன்னு. நம்ம பாஷை பேசற பெரிய மனுசங்களே சில பேரு அப்ப அரசாங்கத்துப் பக்கம் நின்னாங்கன்னு."

"இதைப் போய் அங்க சொல்லுங்க. மைக்கைப் புடுங்கி மண்டையிலயே போடுவாங்க."

"அப்ப என்னத்தச் சொல்றது?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டு வாங்க. உங்கப்பாவா வந்து வீடு குடுக்கப் போறாரு?"

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நாற்பத்தெட்டில் கருப்பன் அரைஞாண் கயிறு கட்டிய பயல். இது அவர் நினைவல்ல, அப்பாவின் நினைவு. அப்பாவுக்கு யார் சொன்னது? தொழிற்சங்கக் கூட்டத்தில் எவரோ. அவருக்கு? கை மாறி கை மாறி வந்த சரக்கை எப்படி நம்புவது? (கண்ணாயிரத்தின் சரக்கும் மொய்னுதீனின் சரக்கும் வந்த வழியை நான் விசாரிக்கவே இல்லை. அவை அச்சில் வந்தவை.)

கருப்பன் சும்மா இருக்கவில்லை. நடுவரையே போய்ப் பார்த்தார்.

"ஐயா, மூணாவதா ஒரு காரணம் இருந்தா?"

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டிமன்றம்னா ரெண்டு அணிதான்பா. மைக்கும் ரெண்டுதான். தீர்ப்பு வேற எழுதி முடிச்சிட்டேன்."

5

பட்டிமன்றத்தன்று கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. மொழி அணி சார்பில் கருப்பனை அழைத்தார்கள். "மொழிதாங்க," என்றார். துண்டால் கண்ணைத் துடைத்தார். மெட்ராஸ் ஐ தன் பங்கைச் செய்தது. பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. பலத்த கைதட்டல்.

அரை மணி கழித்து நில அணி அழைத்தது. அதே ஆள், அதே துண்டு. "நிலந்தாங்க." அதே கைதட்டல். யாருக்கும் எதுவும் இடிக்கவில்லை. வீடும் தப்பியது, வேலையும் தப்பியது என்று கருப்பன் மூச்சுவிட்டார். பாஞ்சாலையைத் தேடிப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

ஆனால் நடுவர் காதில் விழுந்திருந்தது. நடுவர்கள் கேட்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தீர்ப்புக்கு எழுந்த கோதண்டராமன் கருப்பனை மூன்றாம் முறையாக மேடைக்குக் கூப்பிட்டார்.

"சகோதரரே, மொழின்னும் சொன்னீங்க, நிலம்னும் சொன்னீங்க. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. எது?"

இடப்பக்கம் கண்ணாயிரம். வலப்பக்கம் மொய்னுதீன். கருப்பனின் நெஞ்சுக்குள் அப்பா. நடுவர் தன் மைக்கையே கழற்றி நீட்டினார். கருப்பன் வாங்கிக்கொண்டார்.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. (அ) அப்பா சொன்னதைச் சொன்னார், நாற்காலிகள் பறந்தன. (ஆ) மொழி என்றார். (இ) நிலம் என்றார். (ஈ) 'அவரது மௌனம் ஆயிரம் நாவுகளால்—' இல்லை, (ஈ) கிடையாது.

விசாரித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். மறு வாரம் பின்கட்டில் வேறு குடித்தனம் வந்தது. மில் வாசலில் வேறு வாட்ச்மேன் நின்றார். கருப்பனும் பாஞ்சாலையும் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கே போய்விட்டார்கள்.

"என் வீட்டுலயே இருந்துக்கிட்டு நிலம்னுட்டான் அவன்," என்றார் கண்ணாயிரம்.

"என் உப்பைத் தின்னுட்டு மொழின்னுட்டாம்பா," என்றார் மொய்னுதீன்.

கோதண்டராமனுக்குத் தான் கேட்ட கேள்வி மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. பதில் இல்லை.

'ஒரே மண்டபத்தில் ஒருவன் சொன்ன ஒரு வார்த்தைக்கே இந்தக் கதியென்றால், ஒரு போரின்—' இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் மஞ்சள் நோட்டீஸில் அச்சடித்துவிடுவார்கள்.

கருப்பன் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

"..............................................."

எனக்குத் தெரியாது. அவர் மைக்கை வாங்கிய சமயம் வெளியே வெண்பொங்கல் தீரப்போகிறது என்றார்கள். நான் வரிசைக்குப் போய்விட்டேன்.