கலப்பில்லாத தைலம்

அருமனைச் சரிவுகளில் செம்பு அண்டாவில் இஞ்சிப்புல்லை அவித்துத் தைலம் வடிக்கிறவர்கள் பலர் உண்டு. ஆனால் தங்கையனுக்கு இருந்த கர்வம் வேறு எவனுக்கும் கிடையாது. தன் புல்தைலத்தில் ஒரு சொட்டு வேறு எண்ணெய் கலந்ததில்லை என்று ஞாயிறு ஜெபம் முடிந்து சபை முற்றத்தில் நின்று சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான். திருவிதாங்கூர்-கொச்சி முழுக்கச் சொல்லியிருந்தாலும் தப்பில்லை, அது உண்மைதான்.

அந்த ஐப்பசியில் கொட்டாரம் ஊர் வியாபாரி பகவதியப்பன் தைலம் வாங்க வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். தங்கையன் எதிரே தைலத் தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே தங்கையனின் தங்கை எலிசா, நெஞ்சுச்சளி பிடித்த நாலு வயது மகனை மடியில் வைத்திருந்தாள். தங்கையனின் மனைவி ஜெபகனி உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் ஊற்றி, அதில் இரண்டே சொட்டுத் தைலம் விட்டுக் குழைத்தாள். எலிசாவுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குத் தொண்டையைத் தாழ்த்திப் பேசவும் தெரியாது.

"மைனி, ஊருக்கெல்லாம் சுத்தத் தைலம், எனக்க பிள்ளைக்கு மட்டும் கலப்பா?"

முற்றத்தில் பகவதியப்பன் எழுந்துவிட்டார். வீட்டுக்குள்ளேயே கலப்பு நடக்கிற இடத்தில் தகரத்துக்குள் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும், அடுத்த வாட்டி பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே துண்டை உதறினார். தங்கையனுக்குப் புரிந்துவிட்டது. இந்த மனுஷன் கொட்டாரம் போய்ச் சேருமுன் சேதி அஞ்சுகிராமம் வரை போய்விடும். இத்தனை வருஷம் காத்த பேர், தங்கச்சி வாயால் போயிற்றே என்று எரிந்தது. அதைவிட ஜெபகனி மேல் எரிந்தது. இந்த வீட்டில் போய்த் தைலத்தைக் கலக்கலாமா?

ஜெபகனி பதறவில்லை. எண்ணெய்க் கையோடு வெளியே வந்தாள். அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்ட வேண்டும் என்றாள். வலது முழங்கையின் உட்புறத்தில் தகரத்துத் தைலத்தைத் தொட்டு வைத்தாள். இடது கையில் தான் குழைத்ததைத் தடவினாள். பிறகு, மழை எப்படி, வயல் எப்படி என்று சாவகாசமாக விசாரிக்க ஆரம்பித்தாள்.

வயல் கதை முடிவதற்குள் வியாபாரி வலது கையைச் சொறியத் தொடங்கினார். தோல் சிவந்து தடித்திருந்தது. இடது கையில் ஒன்றுமில்லை.

"கலப்பில்லாததுதான் அண்ணாச்சி இப்படிச் சுடும்," என்றாள் ஜெபகனி. "கெட்டிவந்த புதுசுல எனக்க கையிலயும் சிந்திச்சு. தண்ணி விட்டா போவாது, தேங்காயெண்ணெய வச்சுத் தொடச்சாத்தான் அடங்கும். விக்கதுல கலந்தா அது களவு. மேல தேய்க்கதுல கலக்காம விட்டா அதைவிடப் பாவம்."

பகவதியப்பன் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். இதே தைலத்தைத்தான் அவர் வீட்டில் சளிக்கென்று மகள் நெஞ்சில் அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நெஞ்செல்லாம் செவந்து பொங்கிச்சு தங்கச்சி. அம்மன் வந்திருக்கான்னு நெனச்சு, வேப்பிலை கெட்டித் தனியாப் படுக்க வச்சிருக்கோம். ராத்திரி தைலம் தேய்க்கதையும் நிறுத்தல்ல."

ஜெபகனி சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. இன்றோடு தைலத்தை நிறுத்தச் சொன்னாள். அம்மைதானா இல்லையா என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும், நாமாக முடிவு கட்ட வேண்டாம் என்றாள். மூக்குக்கும் கண்ணுக்கும் பக்கத்தில் இது போகவே கூடாது, கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது, குப்பி பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்றாள். அவர் பள்ளிப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தகரங்கள் அத்தனையையும் திறந்துகூடப் பார்க்காமல் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். தங்கையனிடம் சொல்லிக்கொள்ள மறந்தேபோனார்.

தங்கையனுக்கு அது உறைக்கவே இல்லை. நெஞ்சு நிமிர்ந்து, சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது. தைலத்தை நினைத்துக்கூட அவன் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அடுத்த ஞாயிறு சபை முற்றத்தில் யாரோ புல்தைலத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். வழக்கமான பிரசங்கம் வரப்போகிறது என்று எல்லோரும் நழுவப் பார்த்தார்கள். தங்கையன் சொன்னது இவ்வளவுதான்:

"வடிக்கத்தான் மக்கா எனக்குத் தெரியும். மேல தேய்க்கணும்னா எனக்க வீட்டுக்காரிகிட்ட கேட்டுட்டுத் தேயுங்க."