பூட்டைக் கழற்றியவள்

"எத்தனாவது வரைக்கும்மா படிச்சிருக்க?"

வீட்டு வரைபடம் போடுகிறவர் அப்படிக் கேட்டபோது, அவருடைய பழைய லேப்டாப்பில் நெட் வந்திருந்தது.

"ஒன்பதாவது" என்றேன். வழக்கமாகத் தொண்டையில் சிக்கும் சொல், அன்று சிக்கவில்லை.

"ஒம்பதாவதா! படிச்சவங்கல்லாம் கையை விரிச்சுட்டாங்க. நீ கெட்டிக்காரிம்மா!"

மாமாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் நான் வெறும் ரிப்பேர் சீட்டு எழுதுகிறவள். ரிப்பேர் எல்லாம் ஈயம் அண்ணா. சட்டையை எத்தனை முறை துவைத்தாலும், ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வாசனை போகாததால் வந்த பெயர். அவர் ரூட்டரில் என்னென்ன அழுத்துகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து, வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டு இருப்பதே யாருக்கும் தெரியாது.

அந்த லேப்டாப்புக்கு என்னைவிட வயது அதிகம். அவர் படம் போட்டு அனுப்பும் புரோகிராம் அதில் மட்டும்தான் ஓடும். ஆனால் அதற்குத் தெரிந்த வைஃபை பூட்டு, அதாவது பாஸ்வேர்டு போடும் முறை, பழைய வகை. பக்கத்து அறையிலிருந்து அவர் பயன்படுத்தும் எங்கள் ரூட்டரில் இருப்பதோ புது வகை மட்டும். காலையிலேயே அண்ணா சொல்லியிருந்தார்: "நடுவுல ஒரு சின்னப் பெட்டி வெச்சு, லேப்டாப்பை கேபிள்ல சொருகணும் சார். பூட்டு விவகாரத்தைப் பெட்டி பாத்துக்கும். நாளைக்கு வாங்க."

வரைபடக்காரர் நாளை வரை காத்திருக்கவில்லை. அன்று நாலு மணிக்கே வந்துவிட்டார். கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். "அஞ்சுக்குள்ள படம் போகலன்னா வேலை கைமாறிடும்மா" என்று கையைப் பிசைந்தார். நான் ரூட்டரின் பூட்டை மொத்தமாகக் கழற்றினேன். திரும்பப் போடுவதற்காக, முன்பு இருந்த செட்டிங்கை ஒரு சீட்டில் எழுதி ரூட்டருக்கு அடியில் செருகினேன். படம் போனது. பிறகுதான் அந்தக் கேள்வி, அந்தப் பாராட்டு. வீட்டுக்குப் போய் அதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதினேன். பூட்டைத் திரும்பப் போடவே இல்லை.

மறுநாள் காலை மாடியிலிருந்து, ரத்தப் பரிசோதனை நிலையத்து லேப் அக்கா இறங்கி வந்தார். அவர்களுக்கும் எங்கள் நெட் லைன்தான். கையிலிருந்த ஒரு கத்தைக் காகிதத்தை மாமாவிடம் நீட்டினார்.

"அண்ணே, இதப் பாருங்க. ஐயோ வேண்டாம், பாக்காதீங்க!"

பூட்டில்லாத வைஃபைக்குள் தெருவில் எவனோ நுழைந்து, அசிங்கமான படங்களை அவர்களுடைய பிரிண்டருக்கு அனுப்பியிருக்கிறான்.

"ரத்த ரிப்போர்ட்னு நெனச்சு ஒரு பெரியவர் கையில குடுத்துட்டேன். கண்ணாடியப் போட்டு நிதானமா பாத்துட்டு, 'இது என்னோடது இல்லையேம்மா'ங்கிறாரு. மானம் போச்சு. இனிமே உங்க லைனே வேண்டாம்."

மாமா ஈயம் அண்ணா பக்கம் திரும்பினார். "ஈயம்! ரூட்டரைத் தொடுறது நீ ஒருத்தன்தானே?"

"நான் தொடல முதலாளி."

"அப்போ பேய் தொட்டுச்சா? இல்ல, இவ தொட்டாளா? ஒம்பதாவதே தாண்டல, மவுஸைப் பாத்தா எலின்னு ஓடுறவ!"

லேப் அக்கா அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இத்தனை வருடம் என்னைச் சுட்ட 'ஒன்பதாவது' என்ற சொல்லுக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டேன்.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார் மாமா அண்ணாவிடம்.

அண்ணா பூட்டைச் சரிசெய்ய ரூட்டரைத் தூக்கினார். அடியில் என் சீட்டு. மூன்று வருடமாக ஒவ்வொரு ரிப்பேர் சீட்டிலும் அவர் பார்க்கும் அதே கையெழுத்து. படித்தார். என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தார். அது எனக்குத் தெரிந்தது. சீட்டுப் புத்தகத்தைத் திறந்து அதில் குனிந்துகொண்டேன்.

சீட்டைப் பார்த்தே பூட்டைத் திரும்பப் போட்டார். எழுதியதில் ஒரு பிழைகூட இல்லை போலும், உடனே சரியாகிவிட்டது. பிறகு அதை நான்காக மடித்து, மாமா கண்ணில் படாமல் என் சீட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.