யூதப் பத்திரிகையில் அம்மாவின் நண்டுக்கறி

அமெரிக்காவில் ஒரு யூதப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினார்கள் என்றால் இப்போதும் சிலர் நம்புவதில்லை. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். இருபத்தாறு கடிதமும் என் அலுமாரியில் இருக்கிறது.

1994இல் ஒரு கன்னியாஸ்திரி மூலம் அவை வந்தன. நியூயோர்க்குக்குப் பக்கத்து மாவட்டம் ஒன்றில், புல்வெளி வைத்த வீடுகளில் இருக்கிற யூதக் குடும்பங்கள். சொந்தமாகப் பள்ளிக்கூடம், சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை. அந்தப் பத்திரிகையில் ஒரு பக்கம் இந்தப் பிள்ளைகளுடையது. "பெருநாளுக்கு உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள்? எழுதுங்கள், போடுகிறோம்" என்று கேட்டிருந்தார்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் நான். பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. என் அம்மா றோஸ்மேரிக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. நந்திக்கடல் நண்டு, கட்டித் தேங்காய்ப்பால், இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. குசினியில் நின்று அவர் சொல்லச் சொல்ல மூன்று பக்கம் எழுதினேன். நண்டுக்காலை உடைத்து உறிஞ்சும் விதத்தைக்கூட விடவில்லை.

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தால், வீட்டில் ஸ்ரனிஸ்லஸ் மாமா பைபிளை விரித்துவைத்துக்கொண்டு நின்றார். அவர் கோவில் உபதேசியார். தண்ணீரில் இருக்கிறதில் செட்டையும் செதிலும் இல்லாத எதையும் யூதர்கள் வாயில் வைக்கக்கூடாதாம். நண்டுக்கு எங்கே செதில்? ஒரு ஞாயிறு பூசை தவறாத குடும்பம் நாங்கள். ஆனால் அந்த அதிகாரத்தை எங்கள் கரையில் ஒருவரும் பிரசங்கம் வைத்ததில்லை. வைத்தால் பிறகு எங்களிடம் இறால் வாங்குவது யார்?

சைக்கிளை எடுத்துப் பறந்தேன். தபாலதிபர் ராஜரத்தினம் மூட்டையைக் கட்டி முடித்திருந்தார்.

"அரக்கு வைச்சாச்சுப் பிள்ளை. இனி வவுனியாவிலைதான் திறப்பினம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று இன்னொரு கடிதம் எழுதினேன். தெரியாமல் செய்துவிட்டோம், மன்னியுங்கள், அதே குழம்பைச் செதில் உள்ள விளைமீனில் வைக்கலாம் என்று. அடுத்த மூட்டை வியாழக்கிழமைதான் என்றார் மனுசன், ஈவிரக்கம் இல்லாமல்.

நான்கு மாதம் ஒரு பதிலும் இல்லை. வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் தினமும் "ரீச்சர், காயிதம் வந்ததோ?" என்று கேட்டார்கள். என் அம்மாவின் நண்டு உங்கள் சிநேகிதர்களைக் கலைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? சும்மா சும்மா எல்லோரிலும் எரிந்து விழுந்தேன்.

ஆடி மாதம் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே இரண்டு பத்திரிகைகள். முதலாவதில் என் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, சுற்றிவர இருபத்தாறு நண்டு கீறியிருந்தார்கள். நான் வகுப்பில் கதிரையில் ஏறி நின்று காட்டினேன். பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தினார்கள்.

அடுத்த வாரப் பத்திரிகையில் ஒரே சண்டை. நண்டை எப்படிப் போடலாம் என்று ஒருவர் ஆசிரியரைத் திட்ட, அவரை மூன்று பேர் திட்டியிருந்தார்கள். மீனில் வைத்துப் பார்த்த பெண்கள் முருங்கையிலைக்குப் பதிலாக என்ன போடலாம் என்று கேட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு கிழவி எழுதியிருந்தார்: "எண்பது வருடமாக இந்த விலக்கைக் காத்து வருகிறேன். ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. இதை வாசித்த அன்றுதான் கஷ்டமாக இருந்தது."

வீட்டுக்கு வந்து கிழவியின் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அம்மா மூன்று தரம் வாசிக்க வைத்தார். அப்பா நண்டுக்கால் ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா அவரையே பார்த்தார்.

"முப்பது வருசமா இந்த மனுசன் தின்னுது, ஒரு சொல்லுச் சொன்னதில்லை. வாயிலை வைக்காமலே அவாவுக்கு விளங்கியிருக்கு."

அப்பா அவசரமாக விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. என்னைப் பேனையை எடுக்கச் சொல்லி, "அன்புள்ள அக்கா" என்று தொடங்கிவிட்டார்.