வாயு மூலையைக் காட்டிய சட்டைகள்

திருவொற்றியூரில் ராமசுப்புவின் கிடங்கில் மடித்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்த ஏற்றுமதிச் சட்டைகள், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வலது கையை வெளியே நீட்டின. மூடிகளை முட்டித் திறந்துகொண்டு அத்தனை கைகளும் விறைப்பாக ஒரே பக்கமாக, வடமேற்கே நீண்டு நின்றன. அன்றைக்குத் தக்காளி விலை ஏறியிருந்ததால் தெருவில் அந்தப் பேச்சுத்தான் பெரிதாக இருந்தது. பேக்கிங் பெண்கள் கைகளை மறுபடி மடித்துக் குண்டூசி குத்தி வைத்தார்கள். மறுநாள் காலையில் குண்டூசிகள் தரையில் கிடந்தன, கைகள் நீண்டுதான் இருந்தன.

ராமசுப்பு திசையன்விளைப் பக்கத்து வியாபாரக் குடும்பம். வீடு, கடை, கிடங்கு எதில் தகராறு வந்தாலும் அவருக்கு முதலில் வாஸ்துதான் ஞாபகம் வரும். வாஸ்துக்காரர் வந்து பார்த்து, வடமேற்கு வாயு மூலை, அங்கே ஜெனரேட்டர் உட்கார்ந்திருப்பதால் காற்று முட்டுகிறது என்றார். ஜெனரேட்டர் இடம் மாறியது, கைகள் இறங்கவில்லை. வாசலை இடித்துப் பக்கவாட்டில் வைத்தார்கள். ஐப்பசி மழையில் புது வாசல் வழியாகத் தெருத் தண்ணீர் முழுவதும் உள்ளே வந்ததே தவிர, கைகள் இறங்கவில்லை. கடைசியில் கட்டடமே ராசியில்லை என்று முடிவாகி, ராயபுரம் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கிடங்கைப் பிடித்துச் சரக்கை மாற்றினார். அங்கே போனதும் கைகள் கொஞ்சம் திரும்பி, ஏறக்குறைய நேர் வடக்கே நீண்டன. வடக்கு குபேரன் திசை, இனி எல்லாம் சுபம் என்று சொல்லிவிட்டு வாஸ்துக்காரர் ஃபோனை அணைத்துவிட்டார்.

சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, அதாவது பையருக்கு, ராமசுப்பு ஓர் உறுதிமொழி கொடுத்திருந்தார். நூலில் தொடங்கிப் பட்டன் வரை, அடைத்து வைத்து வேலை வாங்கப்பட்டவர் யாருடைய கையும் இந்தச் சட்டையில் படவில்லை என்பது அதன் சாரம். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் தீயணைப்பு வாளிகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, பெண்கள் கழிப்பறையில் சோப்பு வைத்து, வந்தவர்களுக்கு இளநீர் வெட்டுவார்கள். அந்த உறுதிமொழியை அவர் பொய்யென்று தெரிந்து போடவில்லை. விசாரித்தால் ஏதாவது தெரிந்துவிடும் என்பதால் விசாரிக்காத மனிதர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போவோம்.

விசாரிப்பதே வேலையாக அவரிடம் இருந்தவள் எல்சி. சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் தைக்கிறார்கள் என்று சரிபார்ப்பது அவள் பொறுப்பு. ராயபுரத்து மீன்பிடிக் குடும்பம். அவள் அப்பா அருள்நாதன் கடலில் மீன் கிடைக்கும் இடத்தைக் கரையை வைத்தே கண்டுபிடிப்பார். மாதா கோவில் கோபுரமும் ஒரு புகைபோக்கியும் ஒரே நேராக வந்தால் அது ஒரு கோடு. வேறு இரண்டு அடையாளங்கள் நேராக வந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வலை விழும். எல்சி திருவொற்றியூர்க் கிடங்கிலிருந்து ஒரு கோடும் ராயபுரத்துக் கிடங்கிலிருந்து ஒரு கோடும் வரைபடத்தில் இழுத்துப் பார்த்தாள். இரண்டும் சடையங்குப்பத்தில் வெட்டின. சட்டை வேலையில் அவள் போய்ப் பார்க்காத இடம் ஒன்றுதான் மிச்சம், துளை போட்டுப் பட்டன் தைக்கும் இடம்.

“அண்ணாச்சி, நம்ம சட்டைக்குக் காஜா பட்டன் எங்க போட்றாங்கோ?” என்று ராமசுப்புவிடம் கேட்டாள்.

“கிருஷ்ணப்பன் போட்டுக் குடுக்கான். கேட்ட நாளைக்கு முந்தியே வந்து எறக்கிருதான். தங்கமான ஆளு.”

“அத்த கேக்கல அண்ணாச்சி. எந்த எடத்துல வெச்சுப் போட்றான்?”

“எங்கன வச்சுப் போட்டா நமக்கென்னம்மா?”

“சடையங்குப்பத்துல எதோ கீது. ஆளுங்கள அடைச்சு வெச்சிருந்தான்னா? சட்டையெல்லாம் அங்கதான் கைய காட்டுது. நீ வாசல இடிச்சுகினு கீற.”

ராமசுப்பு காலண்டரைப் பார்த்தார். கப்பல் நிற்காது. போய்ப் பார்த்து ஏதாவது இருந்துவிட்டால் பையர் போய்விடுவான், முந்நூறு பேர் வேலையும் போய்விடும். கப்பல் போகட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். கைகளை டேப் சுற்றிக் கட்டிப் பெட்டிகளைக் கன்டெய்னரில் ஏற்றச் சொன்னார். “நீ வராட்டி நான் மட்டும் போறேன்” என்று எல்சி சொன்னாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

மறுநாள் காலையில், இந்தச் சரக்கு சுத்தமானது என்கிற கடைசித் தாளில் ராமசுப்பு பேனாவை வைத்தபோது அவருடைய வலது கை மேலே போய்விட்டது. அவர் பெருமையாகப் போட்டிருந்தது தன் கம்பெனிச் சட்டை. இறக்கப் பார்த்தார், இறங்கவில்லை. இடது கையால் பிடித்துத் தொங்கினார், அப்போதும் இறங்கவில்லை. அதே நேரத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று அந்தச் சட்டையை மலிவாக வாங்கிப் போட்டிருந்த அத்தனை பேருக்கும் கை எழும்பியது. ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தச் சொல்வதாக நினைத்து வரிசையாக நிறுத்திவிட்டார்கள். டோல்கேட் சந்திப்பில் போக்குவரத்து மொத்தமாக நின்றது. கை காட்டும் பக்கம் நடந்தால் தோள்பட்டை வலி குறைகிறது, திரும்பினால் உயிர் போகிறது என்பது சீக்கிரத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதனால் நடந்தார்கள். மீன் ஏலக்காரர், பேங்க் கேஷியர், லீவில் இருந்த ஒரு போலீஸ்காரர், கல்யாண மாப்பிள்ளை ஒருவர் என்று நூற்றுக்கணக்கான பேர் வலது கையை நீட்டியபடி பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டிப் போனார்கள். முன்னால் எல்சி ஸ்கூட்டியில் போனாள். பின்சீட்டில் கையை நீட்டிக்கொண்டு ராமசுப்பு.

சடையங்குப்பத்தில் மழைத்தண்ணீர் வடியாத ஒரு தெருக் கடைசியில் தகர ஷெட் இருந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம், கதவில் வெளிப்பக்கம் பூட்டு. கிருஷ்ணப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே ஆளே இல்லை, ஸ்டாக் மட்டும்தான் என்றான். அத்தனை கைகளும் பூட்டைக் காட்டின. ராமசுப்புவின் விரல் அதைத் தொட்டேவிட்டது. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“தொறலே” என்றார்.

“அண்ணாச்சி, உங்க கப்பலுக்காகத்தானே...”

“கப்பலு கெடக்கட்டும். தொறங்கேன்லே!”

கையை நீட்டியபடியே போலீஸ்காரரும் பக்கத்தில் வந்து நின்றதும் சாவி வெளியே வந்தது. கதவு திறந்ததும் முதலில் வந்தவள் அங்கம்மா, ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். ஆனி மாதம் நல்ல சம்பளம் என்று கூட்டி வந்து, ஃபோனையும் ஆதாரையும் பிடுங்கிக்கொண்டு பூட்டிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் ஆணும் பெண்ணுமாக மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள். கடைசி ஆள் வெளியே வந்த உடனே எல்லாக் கைகளும் பொத்தென்று இறங்கின. அங்கம்மா யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ராமசுப்புவின் சட்டைக் கையைப் பிடித்து, தான் வைத்த பட்டனைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒவ்வொரு கைக்கும் பட்டன் வைக்கிறப்ப, போயி நாங்க இருக்கற எடத்தக் காட்டுன்னு சொல்லித்தான் அனுப்பறேன். ஆடியிலேர்ந்து சொல்றேன். இப்பதான் கூட்டியாந்துதா?” என்று சட்டையைத் திட்டினாள்.

ராமசுப்பு தலைகுனிந்து, “அது அப்பவே சொல்லிட்டும்மா. நான்தான் வாசல இடிச்சிட்டிருந்தேன்” என்றார்.

கோட்டாட்சியர் வந்து, ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் கொத்தடிமை விடுதலைச் சான்று கொடுத்தார். கிருஷ்ணப்பன் உள்ளே போனான், இந்தமுறை பூட்டு அரசாங்கத்துடையது. எல்சி நடந்ததை ஒளிக்காமல் பையருக்கு எழுதினாள். ஓடிவிடுவான் என்று பயந்த பையர் ஓடவில்லை. கப்பல் பிந்தினால் பிந்தட்டும், முதலில் அவர்களுக்குச் சேரவேண்டியது சேரட்டும் என்று பதில் வந்தது. ராமசுப்பு திருவொற்றியூருக்கே திரும்பி, காஜா பட்டன் வேலையையும் தன் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். அந்த அறைக்குப் பெரிய ஜன்னல் வைத்தார், கதவில் வெளித் தாழ்ப்பாள் வைக்கவில்லை. வாஸ்துக்காரரைக் கேட்கவும் இல்லை. ஊருக்குப் போன அங்கம்மா பொங்கல் முடிந்து தன் இஷ்டத்தில், தன் ஃபோனோடு அங்கேயே வேலைக்கு வந்தாள்.

இப்போது திருவொற்றியூரில் எந்தக் கம்பெனிச் சரக்கும் பெட்டிக்குள் போகும் முன் ஒரு நாள் முற்றத்துக் கொடியில் தொங்கும். கைகள் காற்றுக்கு மட்டும் ஆடினால் கப்பலேறும். பையர்களும் தங்கள் ஒப்பந்தத்தில் இதைச் சேர்த்துவிட்டார்கள். இதுவரை எட்டு ஷெட்டுகள் திறந்திருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை பக்கத்துப் பேன்ட் கம்பெனி ஜெபசிங் மூச்சிரைக்க ஓடிவந்து, தன் சரக்கு மொத்தமும் இடது காலைத் தூக்கி எண்ணூர்ப் பக்கம் காட்டுகிறது என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்சி ஸ்கூட்டியை எடுத்தாள், அங்கம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.