வைத்தியக் கொட்டிலின் கதவு

மாடுகளை ஒழுங்காகப் பராமரிக்கிறோமா என்று பார்க்க, வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் பண்ணைக்கு ஆடிட் வரும். வருகிற ஆள் மாடுகள் நடப்பதைப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார். ஒன்று என்றால் நல்ல நடை. ஐந்து என்றால் காலை ஊன்றவே முடியாது. வைத்தியக் கொட்டிலில் இருப்பவை மட்டும் கணக்கில் சேராது. சிகிச்சையில் இருக்கும் மாட்டை வைத்துக் குறை சொல்லக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் வைத்த விதி. வைத்தவருக்கு ஆரினைத் தெரியாது.

ஆரின் முதலாளி. நான் லோர்னா, பத்தொன்பது வருஷமாக இந்த விஸ்கான்சின் பண்ணையில் பால் கறக்கிறேன். ஆடிட்டுக்கு முந்தின நாள் நொண்டுகிற மாடுகளை எல்லாம் வைத்தியக் கொட்டிலுக்கு ஓட்டுவது என் வேலை. அங்கே வைத்தியமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. ஆடிட்டர் காரில் ஏறியதும் திரும்ப ஓட்டி வந்துவிடுவோம். இத்தனை வருஷம் நானும் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். அந்த வெட்கம் எனக்கு உண்டு.

இந்த முறை முப்பத்தொரு மாடுகள். அதில் காதில் 4417 என்று எண் வில்லை போட்ட மாட்டுக்குப் பின்னங்குளம்பில் புண். ஆறு வாரமாகக் குளம்பு வெட்டுகிறவரைக் கூப்பிடச் சொல்லிக் கரடியாய்க் கத்தினேன்.

"ஆரின், அது மூணு கால்ல நிக்குது."

"பால் குடுக்குதுல்ல? வசந்தத்துல அவர் வருவார், பாத்துக்கலாம்."

"உனக்குப் பல்லு வலிச்சா வசந்தம் வரைக்கும் காத்திருப்பியா?"

"ஓ, மாட்டு பாஷை எப்பக் கத்துக்கிட்ட லோர்னா?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஆடிட்டுக்கு வந்தவர் ப்ரூயிட் என்ற பெண். மதியக் கறவை முடிந்து மாடுகள் திரும்பும்போது பெரிய கொட்டிலின் வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்றார். கறவைக் கூடத்திலிருந்து வரும் பாதை நடுவில் பிரியும். அங்கே ஒரு கதவு. கடைசியாக வரும் நொண்டி மாடுகளுக்கு அதைச் சாத்தினால் வைத்தியக் கொட்டிலுக்குத் திரும்பும். சாத்தாவிட்டால் நேராகத் தன் பழைய இடமான பெரிய கொட்டிலுக்கே போகும். ஒரு நாள் இடம் மாற்றினால் மாடு வீட்டை மறந்துவிடுமா?

நான் சாத்தவில்லை.

4417 தலையை ஆட்டி ஆட்டி, பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு ப்ரூயிட்டின் முன்னால் வந்து நின்றது. அதன் பின்னால் முப்பது. ஆரின் ஓடி வந்தான்.

"மேடம், இதெல்லாம் வைத்தியக் கொட்டில் மாடுங்க. கணக்குல வராது!"

"அப்படியா? என்ன மருந்து குடுத்தீங்க? நோட்டைக் காட்டுங்க."

நோட்டில் ஒரு வரி இல்லை. ஆரின் என் பக்கம் திரும்பினான்.

"கதவை எவ தொறந்து போட்டது?"

"நான்தான். முழுப் பூசணிக்காயை எத்தனை வருஷம் சோத்துல மறைப்ப?"

"நாளையிலருந்து நீ வராத."

"வரல. ஆனா குளம்புக்காரருக்கு இப்பவே போன் போடு. மேடம் நிக்கிறப்பவே போடு. நான் சொன்னது உன் காதுல ஏறல. இப்ப அதுவே நடந்து வந்து சொல்லிருச்சு."

ப்ரூயிட் பேனாவை மூடவில்லை. ஆரின் போனை எடுத்தான்.

குளம்புக்காரர் நாலு மணிக்கு வந்தார். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லி ஆரின் இரண்டு முறை கத்தினான். நான் நகரவில்லை. காலைத் தூக்கிக் கட்டும் சட்டத்தில் நிறுத்தி, புண்ணைச் சுத்தம் செய்து, அது தரையில் படாதபடி அதே காலின் பக்கத்துக் குளம்பில் மரக்கட்டையை ஒட்டி, 4417-ஐ இறக்கிவிட்டார். அது தயங்கித் தயங்கி நாலு காலையும் தரையில் ஊன்றியது. அதைப் பார்த்த பிறகுதான் பூட்ஸைக் கழற்றினேன்.