வெள்ளிக்கிழமை விட்ட மீன்

சனிக்கிழமை காலையில் போனால், மலேசியாவின் கிள்ளானுக்கு வெளியே உள்ள லோகனின் மீன்வளர்ப்புக் குட்டையில் கெண்டையை உயிரோடு பிடித்துத் தருவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை வசுந்தரா அன்று பையோடு போனபோது, கரையில் செத்த மீன்கள் குவிந்து கிடந்தன. செவுள்களில் நொய்யரிசிபோல வெள்ளைக் கட்டிகள்.

அந்தக் கட்டிகளை அவர் முன்பே பார்த்திருந்தார்.

"இன்னிக்கு மீன் இல்ல டீச்சர்," என்றார் லோகன். "மீன்வள இலாகா ஆபீசர் வந்து மைக்ரோஸ்கோப்புல பார்த்துட்டார். கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணியாம், சதைக்குள்ளயே குடும்பம் நடத்துதாம். நமக்கு ஒண்ணும் செய்யாதாம். ஆனா யார் வாங்குவா? வெளி மீன் ஏதோ உள்ள வந்திருக்குன்னு சொல்றார்."

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, வலையை மடித்துக்கொண்டிருந்த செல்வகுமாரைக் கைகாட்டினார். "இவன்தான் லா. லீவு நாள்ல ஆத்துல தூண்டி போடுறான். பிடிச்சத இங்க விட்டிருப்பான். திங்கக்கிழமை வேலை பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கே அனுப்பிடுறேன்."

"நான் விடல பாஸ்," என்றான் செல்வகுமார். வலையை மடிப்பதைத் தொடர்ந்தான்.

மூன்று மாதங்களுக்கு முன் வசுந்தரா வீட்டுத் தொட்டியில் கோய் என்னும் அலங்கார மீன் ஒன்றுக்கு இதே கட்டிகள் வந்தன. அன்று வெள்ளிக்கிழமை. விரத நாளில் உயிரைக் கொல்வதா என்று, வாளியில் எடுத்து வந்து இந்தக் குட்டையில் விட்டார். கைகூப்பிவிட்டுத் திரும்பினார். நல்லது செய்த நிம்மதி நாள் முழுதும் இருந்தது.

இப்போது "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

"பைய விட்டுட்டீங்க ஆன்டி." செல்வகுமார் பின்னாலேயே வந்திருந்தான்.

அவனுடைய நிதானம் அவரைக் கூசவைத்தது. "அன்னிக்கு நீ என்னைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"கும்பிட்டுட்டுல்ல விட்டீங்க. அதப் போய் எப்படித் தப்புன்னு சொல்றது? சொன்னாலும் பாஸ் உங்கள நம்புவாரா, என்னையா?"

பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பு வாசலில் நிற்கவைத்தவர் அவர். மீனை விட்டதைவிட, சற்றுமுன் சொன்ன அந்த "அப்படியா"தான் அவரை அதிகம் சுட்டது. குட்டைக்கே திரும்பி நடந்தார்.

"லோகன், அது என் வீட்டு மீன். நோய்னு தெரிஞ்சேதான் விட்டேன்."

லோகன் சிரித்தார். "இவனுக்காக நீங்க ஏன் டீச்சர்..."

"இவனுக்காக இல்ல. கொல்ற பாவம் என் கையில படக்கூடாதுன்னு தண்ணி மேல தள்ளினேன். இப்ப அதையே இவன் தலையில தள்ளிட்டுப் போகப் பார்த்தேன்."

லோகன் செல்வகுமாரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் செத்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோய் வந்த மீனைப் பொதுத் தண்ணியிலயோ அடுத்தவங்க குட்டையிலயோ விடுறது இரக்கம் இல்ல, லோகன்," என்றார் வசுந்தரா. "நம்ம வீட்டு அழுக்கை அடுத்தவன் வாசல்ல கொட்டிட்டு, கைகூப்பிட்டு வர்றது."